வேப்பிலை செருகிய இடுப்பு

வேப்பிலையும் மஞ்சளும் ஊறி வெயிலில் சூடேறிய நீருக்குப் பச்சையும் கசப்புமான ஒரு மணம் உண்டு. மலையிலிருந்து ஏலக்காய் இறங்கத் தொடங்கிய ஒரு பருவத்தில், போடிநாயக்கனூரில் எங்கள் தெரு முழுவதும் அந்த மணம் நிறைந்திருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. தந்தை முன்பே இறந்துவிட்டார். அம்மா ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் காய் தரம் பிரித்து என்னை வளர்த்தாள். கிறிஸ்தவர்களானபோதே உறவினர் விலகிவிட்டதால், நல்லது கெட்டதற்கு எங்களுக்கென்று இருந்தவை ஓலைக்கூரை ஆலயத்தின் பதினைந்து குடும்பங்கள்தாம்.

அடுத்த வீட்டுப் பேச்சியின் கணவன் மலையில் காயெடுக்கப் போயிருந்த நாட்களில், அவளுக்கும் நான்கு வயது மகள் மாரிக்கும் அம்மை கண்டது. "ஆத்தா வந்திருக்கா" என்று தெருவார் அவ்வீட்டுக் கூரையில் வேப்பங்கொத்தைச் செருகினார்கள். அதன்பின் ஒருவரும் அந்தப் படியை மிதிக்கவில்லை. என் அம்மாவின் முகத்தில் பழைய அம்மைத் தழும்புகள் உண்டு. தனக்கு மறுபடி வராது என்று கஞ்சிக் கலயத்தோடு புறப்பட்டாள். உள்ளிருந்து பேச்சியின் குரல் வந்தது.

"மதினி, நீங்க வேதக்காரவுக. வேப்பெல இல்லாம உள்ள வந்தா ஆத்தா கோவிச்சுக்குவா. எம்பிள்ளய எடுத்துக்குவா."

அம்மா சற்று நின்றாள். பிறகு கூரையிலிருந்து ஒரு கொத்தை உருவி இடுப்பில் செருகினாள். "இந்தா, செருகிட்டேன். பயப்படாம வாயத் தொற."

அம்மை இறங்கியதும், அவர்கள் வழக்கப்படியே மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரை இருவருக்கும் தலையோடு ஊற்றியவளும் அவள்தான். கிணற்றடியில், "வேதக்காரிக்கும் சாமி வந்திருச்சாக்கும்! அடுத்த வருசம் தீச்சட்டி எடுப்பாளோ?" என்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பினாள்.

தெருவின் ஏளனத்தால் அவளுக்குத் தீங்கு வரவில்லை. தீங்கு என்னால் வந்தது. ஞாயிறு வகுப்பில், ஆலயத்தை நடத்திவந்த உபதேசியார், அந்த வாரம் தங்கள் வீட்டில் நடந்த நற்செயலைச் சொல்லும்படி பிள்ளைகளைக் கேட்டார். எப்போதும் வாய் திறவாத நான் அன்று முதலில் எழுந்தேன். கலயத்தையும், இடுப்பில் செருகிய வேப்பிலையையும், மஞ்சள் நீரையும் ஒன்று விடாமல் பெருமையோடு வரிசைப்படுத்திச் சொன்னேன். அவர் முகம் மாறியதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

மாலையில் ஆலயத்து மூப்பர்கள் அம்மாவை அழைத்தார்கள். உபதேசியார் கட்டளையிடவில்லை, கெஞ்சினார்: "செருகினது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு தாயி. அடுத்த வாரம் இராப்போஜனம் குடுக்கக் குரு ஐயா வர்றாரு."

"அவ பயத்துக்காகச் செருகுனேன் ஐயா. கும்பிடல. அதத் தப்புன்னு சொன்னா நான் பொய் சொன்னவளாயிருவேன்."

அந்த இலையைக் கைவிட்டதற்காகவே பெற்றோரையும் பங்காளிகளையும் இழந்தவர்கள் அங்கிருந்த அத்தனை பேரும். அம்மா செய்தது சரியென்றால் தாங்கள் இழந்ததற்கு என்ன பொருள் என்று அவர்கள் அஞ்சியிருக்க வேண்டும். இதை இன்று என்னால் எண்ணிப்பார்க்க முடிகிறது. அன்று கண்டதெல்லாம், எல்லாரும் இராப்போஜன அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போகையில், விலக்கப்பட்ட அம்மா மட்டும் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்ததுதான். பதினோரு ஆண்டுகள் அவள் ஆலயத்திற்குப் போவதை நிறுத்தவுமில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவுமில்லை. எனக்குத் தலை வாரிக்கொண்டே, ஒரே ஒரு முறை, "எல்லாத்தையும் வெவரமாச் சொன்னியாமே" என்றாள்.

சென்ற ஆண்டு அவளை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே மாரி நின்றிருந்தாள். வளர்ந்த பெண், காயெடுப்பவர்களோடு மலையிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தாள். "அக்கா, நானும் ஒரு கைப்பிடி மண்ணு போடட்டுமா?" என்று கேட்டாள். நான் மூப்பர்களைப் பார்த்தேன். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் திரும்பி என் கைப்பிடி மண்ணை மட்டும் போட்டேன்; மாரி வேலிக்கு வெளியிலேயே நின்றாள்.

இப்போது ஆலயத்திற்கு ஓடு வேய்ந்துவிட்டார்கள். எங்கள் வீடும் பேச்சியின் வீடும் இருந்த இடத்தில் ஒரு கிட்டங்கி நிற்கிறது. கல்லூரி விடுமுறையில் போனபோது மாரியை விசாரித்தேன். "அதுக எந்த எஸ்டேட்டுல கெடக்குதுகளோ, யாரு கண்டா தாயி" என்றார்கள். கல்லறைத் தோட்டத்திற்குப் போனேன். அன்று மாரி நின்ற இடத்தில், வேலிக்கு வெளியே, சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.