காப்பு கட்டிய மறுநாள் காலை

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில். ஆடி மாசம் அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், கூழ் வார்த்து முடியும் வரை ஊர்க்காரர்கள் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. கட்டுப்பாடு அவ்வளவுதான். பகலில் போய் வரலாம். என் வீட்டுக்காரரே தினம் கம்பெனி பஸ் ஏறி சிப்காட்டுக்குப் போய்விட்டு வருவார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த தப்பு இதில்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் புருஷனோடு வாடகைக்கு இருந்தாள். இருவருக்கும் வேலை கம்பெனியில்தான், வேறு வேறு கம்பெனி. இவள் ஷிப்ட் முடிந்து வரும்போது அவன் கம்பெனி கேட்டுக்கு எதிரே வண்டியோடு நிற்பான். பார்க்கிறவர்கள், "இன்னா பாசம்டி உன் மேல!" என்று கிண்டல் பண்ணுவார்களாம். நானும் பண்ணியிருக்கிறேன். அவளுடைய போன், ஏடிஎம் கார்டு எல்லாம் அவனிடம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அடி விழுவது மட்டும் முன்னாடியே தெரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

போன வருஷம் காப்பு கட்டிய மறுநாள் காலை, அவன் வேலைக்குப் போனதும் அவள் வந்தாள். உதடு வீங்கியிருந்தது. கையில் கட்டைப்பை, உள்ளே ஆதார் கார்டு, சர்டிபிகேட், இரண்டு புடவை. நான் வாசலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பொன்னேரில மகளிர் ஸ்டேஷனுக்குக் கூட வாக்கா. தனியா போனா எனக்குப் பேச்சே வராது."

அவன் நாளைக்கு என் வாசலில் வந்து நின்றால்? என் வீட்டுக்காரர் திட்டினால்? அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினேன்.

"காப்பு கட்டிக்கினு இருக்கேன். எல்லை தாண்டக் கூடாதுடி. காப்பு கட்டும்போது நீயும்தான் ஊர்ல இருந்த. கூழ் ஊத்தி முடியட்டும், நானே கூட்டிக்கினு போறேன்."

"மாமா மட்டும் பஸ் ஏறிப் போறாரே?"

"அவரு சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடறாரு இல்ல?"

"நம்மளும் சாயங்காலம் வந்துடலாமேக்கா."

அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, "அம்மா அவனுக்கு நல்ல புத்தி குடுப்பா, போ" என்றேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அம்மன் சொல்லாததை அம்மன் பேரில் சொன்னேன். என் பயத்துக்குக் காப்புக் கயிறு கட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் அந்தப் பையைப் பார்த்துவிட்டான்.

கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி எனக்குக் கேட்டது. அவள் "அக்கா" என்று கூப்பிட்டதும் கேட்டது. நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தது அவள் கம்பெனி சூப்பர்வைசரம்மாதான். திருவள்ளூரில் பெண்களுக்கான உதவி மையத்தில் சேர்த்துவிட்டதும் அந்தம்மாதான். போலீஸ் வந்து கேட்டபோது, "பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாமி கும்பிட்டேன்.

ஒரு வருஷமாகக் கூழ் காய்ச்சினாலும், கோயிலைச் சுற்றினாலும், அந்த "அக்கா" காதை விட்டுப் போகவில்லை.

இந்த ஆடியில் அவளே போன் பண்ணினாள். "கேஸ் வருதுக்கா. கேக்கவே இல்லன்னு நீ சொன்னத வச்சு, நானே வழுக்கி விழுந்தேன்னு அவன் பேசறான். வக்கீலம்மாகிட்ட வந்து உண்மையச் சொல்லுவியா?"

அவள் சொன்ன தேதி காப்பு கட்டிய வாரத்தில் வந்தது. வீட்டுக்காரர், "உனக்கு ஏன் இந்தப் பேஜாரு?" என்றார். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு பஸ் மாறிப் போனேன்.

மையத்தில் அவள் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்தக் கை இன்னும் நேராக நீளவில்லை. "சாப்டியாக்கா?" என்றாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இந்த வருஷம் காப்பு கட்டலியோன்னு நெனச்சேன்."

"கட்டிக்கினுதான் வந்தேன்."

"அப்ப அன்னிக்கும் வந்திருக்கலாம் இல்லக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. வக்கீலம்மா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னா கேட்டுச்சோ அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் பையோடு என் வாசலுக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.