அவர் கேட்ட ஒரு வாய் தண்ணீர்

குறுவைக்குத் தண்ணீர் திறக்காத ஒரு வருடம். நீடாமங்கலத்தில் ரயிலை மறித்து உட்கார்ந்தவர்களில் என் கணவரும் ஒருவர். அந்த ஆடியிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. மாரியம்மன் உயிரைத் திருப்பித் தந்தாள். ஆனால் விழுங்குகிற சக்தி பாதி போய்விட்டது.

தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், எதையும் கெட்டியாகத்தான் தர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஊட்டினேன். அப்படியும் புரையேறி முகம் கறுத்துவிடும். "தண்ணி... ஒரு வாய்" என்று குழறுவார். வயலுக்குத் தண்ணீர் கேட்ட அதே வாய். நான் சாமி மாடத்துக்கு முன்னால் போய் அழுவேன்.

டாக்டர்தான் தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கஞ்சியைக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் அதை ஒரு எவர்சில்வர் குவளையில் ஊற்றினாள். உருளை ஒன்று அதற்குள் இறங்கிச் சுற்றியது. கஞ்சி அதை இழுத்துப் பிடிப்பதை வைத்து, எவ்வளவு கெட்டி என்று திரையில் எண் வந்தது. வேகம் கூடக்கூட எண் சரிந்துகொண்டே போனது.

"பாருங்கம்மா, தண்ணி எப்படிச் சுத்தினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கஞ்சி கலக்கக் கலக்க இளகிடும். எப்படி ஊட்டுறீங்க?"

"சூடு போக ரெண்டு டம்ளர்ல நல்லா ஆத்திட்டுத்தாம்மா."

"காப்பி மாதிரியா?" சிரித்துவிட்டாள். "இனிமே ஆத்தாதீங்க. அதுவா ஆறட்டும்."

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. பையிலிருந்த கோயில் தீர்த்தத்தை நீட்டி, "இதைக் கெட்டியாக்க முடியுமாம்மா?" என்றேன்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, கெட்டியாக்கும் ஏதோ மாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்தாள். உருளையைச் சுற்றவிட்டுப் பார்ப்பாள், மறுபடி கலப்பாள். சரியான எண் வரும்வரை அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருந்தார். பிறகு மெல்ல இறங்கியது. இருமல் இல்லை.

"காவேரி வந்துட்டாளா?" என்றார்.

வாசலுக்கு எதிரே வாய்க்கால் வெடித்துக் கிடந்தது.

"வந்துக்கிட்டே இருக்காங்க காவேரியம்மா" என்றேன்.

இப்போது அவர் இல்லை. வருடா வருடம் வாய்க்காலில் தண்ணீர் வரும் முதல் நாள், ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொள்கிறேன். உடனே விழுங்க மனசு வராமல், அவருக்காகக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருக்கிறேன்.