துணிக்குள் ஐந்து விரல்

மாரமங்கலம் பஸ்ஸில் செத்த மனிதன் ஒருவனின் காலை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்றுதான் முதலில் நம்பினேன். சந்தேகமெல்லாம் இல்லை, பரிபூரண நம்பிக்கை. சாமிமேல்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

எண்பதுகளில் ஏற்காட்டுப் பார்சல் ஆபீஸ் ஒன்றில் டெலிவரி ஆளாக இருந்தேன். சேலத்திலிருந்து ஏறிவரும் சாமான்களை எஸ்டேட்டுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் கொண்டு சேர்ப்பது வேலை. அப்போதெல்லாம் பார்சலைத் துணி சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். பிரிக்கக் கூடாது. தடவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தடவிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்வதில் எங்களுக்குள் போட்டி. அதில் நான்தான் ராஜா. பட்டுப்புடவை, பம்பு வாஷர், பெரிய எழுத்து பைபிள் எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.

அன்றைக்கு வந்தது நீளமான பார்சல். மேலே தடவினேன். கெண்டைக்கால். கீழே இறங்கினேன். குதிகால். அதற்கப்புறம் வரிசையாக ஐந்து விரல். கட்டைவிரல் பெரிசு.

"ஏனுங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் கிளார்க்.

"ஒண்ணுமில்லீங்க."

"அப்பக் கெளம்புங்க. நாளைக்குக் காலைல பார்சல்காரரு மகளுக்குக் கல்யாணம். இன்னிக்கே இது ஊடு சேரோணும்னு ஆள் மேல ஆள் சொல்லி உட்டிருக்காரு."

கல்யாண வீட்டுக்கு வாழைமரம் போகும், பாத்திரம் போகும். கால் எதற்கு? கேட்கவில்லை. கேட்டால் கூட்டாளியாகிவிடுவேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மிளகு மூட்டையோடு ஓர் அம்மா. "இதென்ன கண்ணு, நீட்டமா?"

"தடிங்க."

அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "தடிக்குக் குதிகால் இருக்குதே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.

எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கினேன். காபிச் செடிகளுக்கு நடுவே மண்பாதை. போகப் போக போலீஸ் தெரிந்தது, கோர்ட்டு தெரிந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் நான் தெரிந்தேன். சில்வர் ஓக் மரத்தடியில் பார்சலை வைத்துவிட்டு, "ஊட்ல ஆளில்லீங்க" என்று ஆபீசில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வைத்தேன். திரும்பி நடந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது.

அங்கேதான் எனக்குக் கெட்ட காலம். கொலையும் கோர்ட்டும் மறந்துபோய், பார்சல் நனைகிறதே என்பது மட்டும் மண்டையில் நின்றது. செத்தவன் காலாகவே இருக்கட்டும், ஈரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் டெலிவரி ஆளுக்கு என்ன மரியாதை? ஓடிப்போய், நான் போர்த்துவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை அதற்குச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொலைகாரன் வீட்டைப் பார்த்து நடந்தேன். கட்டைவிரல் விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

வாசலில் பந்தல். பெஞ்சில் ஒருவர், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டையோடு, பாதையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே வேட்டி மட்டும் தொங்கியது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. இவருடைய காலை எவனோ வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

"நனைஞ்சிருச்சுங்களா?" என்றார்.

"நான் மட்டுந்தானுங்க."

அவர் மனைவி அரிவாளால் தையலை அறுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறங்க. காலுதானுங்க" என்றார் அந்த அம்மா.

ரப்பர் கால். மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து கால் போனவருக்கு ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்தது. போட்டு நடந்தும் பழகியிருந்தார். பட்டை அறுந்ததால் சரிபண்ணப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

"மகளை மாதா கோயிலுக்குள்ள நாந்தான் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவோணும்" என்றார். "கட்டையோட போனா எந்தக் கையில புடிக்கறதுங்க?"

மழையில் கடைசி பஸ் போய்விட்டது. அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்தார். நடுவில் ஒருமுறை நின்று, பட்டையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நடந்தார். நான் அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் தும்மிக்கொண்டிருந்தேன்.