நாலு மணி மழை

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்த வருஷங்களில் யாரும் என்னைச் சுகம் விசாரித்ததில்லை. தெருவில் கண்டால் "லாப்ளி?" என்பார்கள். மழை உண்டா என்று அர்த்தம். பெய்துவிட்டால் திட்டும் எனக்குத்தான். ஓயாமல் தூறும் மேட்டு ஊரான கியூர்பிப்பில் குடியிருந்ததால் அந்தத் திட்டு வருஷம் பூராவும் கிடைத்தது. இது எங்கள் தீவு விடுதலை அடைவதற்குப் பல வருஷம் முந்தைய கதை. எங்கள் அலுவலகம் அப்போது நாளைக்கு என்ன என்று மட்டும் சொல்லும். அடுத்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த டிசம்பரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டவர் என் மனைவியின் அண்ணன். செமின் கிரனியே என்ற ஊரில் கரும்பு லாரி ஓட்டினார், அங்கே அம்மன் கோயில் கமிட்டியிலும் இருந்தார். அன்று நடக்கும் தீமிதிக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டிக்கொண்டவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

"நாளைக்குச் சொல்றதுக்கே தடுமாறுறோம், மச்சான்" என்றேன்.

"கவர்மெண்டுக்கா சொல்லச் சொன்னேன்? எனக்குச் சொல்லு."

எங்கள் மகளுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வலது காலை முடக்கிப் போட்டது. பிள்ளை எழுந்து நின்றால் தீ மிதிக்கிறேன் என்று என் மனைவி வேண்டிக்கொண்டாள். பிள்ளை நின்றாள், நடக்கவும் செய்தாள், ஆனால் காலை இழுத்து இழுத்துத்தான். நேர்ந்ததைக் கொடுத்தால் மீதியும் சரியாகிவிடும் என்பது இவளுடைய நம்பிக்கை. எனக்கோ பயம். முந்தின வருஷம் ஒரு மனிதர் குண்டத்தின் நடுவில் தடுக்கி விழுந்ததைப் பார்த்தவன் நான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் எப்போதும் தீவின் கிரியோல் பேச்சுதான், அதில் சண்டை என்றால் நான் ஜெயிப்பேன். விரத நாட்களில் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். "அம்மன் காரியம், பேசாதீங்க" என்றதும் நான் அடங்கிப்போனேன்.

அந்த வாரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் தென்கிழக்குக் காற்று பலமாக வீசியது. சாம்பல் நிறப் படைமேகம் கூரை உயரத்தில் தவழ்ந்து தூறிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் அதை மழை என்று யாரும் மதிப்பதில்லை. புதன்கிழமை காற்று விழுந்தது. மறுநாள் மிக உயரத்தில் வெள்ளைக் கீற்றுகள் தவிர வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மலைகளுக்கு மேல் காலிஃபிளவர் மாதிரித் திரள்மேகங்கள் கிளம்பின. சனிக்கிழமை அவையே வளர்ந்து, அடி கறுத்து, உச்சி தட்டையாகி, நாலு மணிக்கு இடியோடு தீவின் பாதியை நனைத்தன. மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் அடித்தது. டிசம்பர் எங்களுக்குக் கோடை; காற்றில்லாத கோடையில் இது ஒரு பழக்கம், ஆரம்பித்தால் சில நாள் விடாது.

அன்று மாலையே பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனேன். "நாளைக்கும் நீங்க எறங்குற அதே நாலு மணிக்குக் கொட்டும். நெருப்பு நிக்காது" என்று கமிட்டியிடம் சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அது பலிக்க வேண்டும் என்று நான் ஏங்கியதும் உண்மை. கார்மேகத்தை ஒரு சொந்தக்காரனைப்போல் எதிர்பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கலாமே" என்று மெல்லச் சொன்னேன்.

"காப்புக் கட்டினப்புறமா? பா கபாவ், முடியாது" என்று மச்சான் கையை விரித்தார். விறகில் தீ வைக்கும் நேரம் குறித்த நல்ல நேரம், அதையும் தொடக் கூடாது. கொஞ்சம் யோசித்தார். "ஊர்வலத்த முன்னாடி கொண்டுவந்துருவோம். எல்லாரும் ரெண்டு மணிக்கே எறங்கட்டும்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நாலு மணிக்கு நீறு பூத்து அடங்கியிருக்க வேண்டிய தணல் இரண்டு மணிக்குச் சிவக்கச் சிவக்க இருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மழையாவது வந்து அணைத்திருக்கும். இப்போது என் வார்த்தையை எடுத்துக்கொண்டு அவளை நெருப்பின் மும்முரத்தில் இறக்கப் போகிறார்கள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு மலைமேல் மேகம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. தணலை வாரிப் பரப்பியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தார்கள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் மனைவி மஞ்சள் புடவையில், கூப்பிய கைகளோடு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. இறங்கினாள். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாய்க் கடந்த இடத்தை இவள் நிதானமாக நடந்து கடந்தாள். குண்டத்தின் முடிவில் இருந்த பால் குழியில் அவள் கால் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குதிகாலில் இரண்டு கொப்புளம், அவ்வளவுதான். நாலு மணிக்கு மழை கொட்டியது. ஆளில்லாத குண்டம் சீறி அடங்கியது. "நம்ம மாப்பிள்ளை சொன்னா சொன்னதுதான்" என்று மச்சான் ஊருக்கே கேட்கச் சொல்லி, முதல் இலையை எனக்குப் போட வைத்தார். ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை.

கோயிலின் தகரக் கூரைக்கடியில் என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

"நீங்க சொல்லலன்னா நெருப்பு நனஞ்சிருக்கும். என் வேண்டுதல் பாதியில நின்னிருக்கும். உங்களாலதான்."

அவள் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது.

முற்றத்தின் அந்தப் பக்கம் மற்றப் பிள்ளைகளோடு நனைந்துகொண்டிருந்த மகள் அம்மாவைக் கண்டதும் எங்களை நோக்கி வந்தாள். வலது கால் எப்போதும்போல் சேற்றில் இழுபட்டு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. என் மனைவி என் கையை இறுக்கினாள்.

"பாருங்க, நேரா நடந்து வர்றா."

பார்த்தேன்.

"ஆமா" என்றேன். "நேராத்தான் வர்றா."