கோடி வருசம் முன்னப்பின்ன

வயது கேட்டால் முகம் சுளிக்காத ஆட்களோடு பழகும் தொழில் என்னுடையது. நட்சத்திரங்களுக்கு வயது கண்டுபிடிப்பது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில், எங்கோ மலை மேலிருக்கும் தொலைநோக்கி பிடித்து அனுப்பிய வெளிச்சத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, இது எத்தனை சூடு, எத்தனை கனம், எத்தனை வயசு என்று நோண்டிக்கொண்டிருப்பேன். ஜாதகமும் பார்ப்பீங்களா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி அடித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் உங்களில் யாராவது இருந்தால், ஸ்கேன் பார்க்கும் டாக்டரோ, போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்ப்பவரோ, நாளைக்கு மழை வருமா என்று சொல்பவரோ, நீங்கள் என் இனம். "அதெப்படிங்க உங்களுக்குத் தெரியும்?" என்ற கேள்வி நம் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

எனக்கு அதில் கூடுதலாக ஒரு பாடு உண்டு. எங்கள் மகள் சுபியை நாங்கள் தத்தெடுத்தோம். அவள் எந்த நாளில் பிறந்தாள் என்று சொல்ல உலகத்தில் ஆளில்லை. ஊரில் இருக்கிற நட்சத்திரத்துக்கெல்லாம் வயசு சொல்கிற அம்மாவால், பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிற மகளுக்குச் சொல்ல முடியவில்லை என்றால், மற்றவர்களை விடுங்கள், மகள் சும்மா விடுவாளா?

ஏழு காய்

உடுமலைப்பேட்டையில் ஒரு மண்டபத்து மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து ஊர்க்காரர்களுக்கு வானம் காட்டினோம். ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. அதைக் காட்டி, "இதுக்கு அறுபத்தஞ்சு கோடி வருசம் ஆகுதுங்க. ஏழு கோடி முன்னப்பின்ன இருக்கலாம்" என்றேன்.

அந்த முன்னப்பின்ன எங்கள் ஆட்களின் பழக்கம். எந்த எண்ணைச் சொன்னாலும், இதற்கு மேல் இவ்வளவு, கீழே இவ்வளவு தப்பு இருக்கலாம் என்று கூடவே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் உப்பில்லாத குழம்பைப் பரிமாறியவரைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். வெளியாட்களுக்கு இது புரியாது. வரிசையில் நின்றிருந்த தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "ஏழு கோடி வருசம் முன்னப்பின்னங்களா? நாங்க ஏழு காய் முன்னப்பின்ன எண்ணிப்போட்டா அடுத்த லோடுக்கு லாரி வாராதுங்க, அம்மணி."

நீலக் குழாய்

நட்சத்திரத்தின் நிறம்தான் அதன் சூட்டைச் சொல்லும். சிவப்பாக இருந்தால் சூடு கம்மி. நீலமாக இருந்தால் கடுஞ்சூடு. வருடா வருடம் வகுப்பில் கத்திக் கத்தி இது என் ரத்தத்தில் ஊறிவிட்டது.

கணபதியில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் புதுசாக்கினோம். பிளம்பர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சிவப்பும் நீலமுமாக இரண்டு சின்ன மூடிகளை என் கையில் கொடுத்து, "குழாய் மேல நீங்களே அழுத்தி உட்டுருங்க மேடம்" என்று கிளம்பிவிட்டார். நானும் அழுத்தினேன். சுடுதண்ணீர்க் குழாய்க்கு நீலம். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று.

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாளெல்லாம் ஆயிலிலும் இரும்புத் தூளிலும் நின்றுவிட்டு, ஜில்லென்று தலைக்கு ஊற்றலாம் என்று நீலத்தைத் திருகியிருக்கிறார். நல்லவேளை, கையை மட்டும் முதலில் நீட்டியிருந்தார். சத்தம் போடுகிற மனுஷன் இல்லை அவர். துண்டோடு வெளியே வந்து, சிவந்துபோன கையைத் தூக்கிக் காட்டி, "வானத்துல இருக்கறத வானத்துலயே உட்டுப்போட்டு ஊட்டுக்கு வா அம்மணி" என்றார்.

திருவாதிரை

பவானியில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சுபியையும் கூட்டிக்கொண்டு போனேன். திருவாதிரை நட்சத்திரத்தின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, இதற்கு வயது அதிகமா, நம் சூரியனுக்கு அதிகமா என்று கேட்டேன். செக்கச்செவேலென்று, ஊதிப் பெருத்து, சாகக் காத்திருக்கிற நட்சத்திரம் அது. எல்லோரும் ஒரே குரலில் திருவாதிரைக்குத்தான் என்றார்கள்.

தப்பு. அதற்குச் சுமார் ஒரு கோடி வயசுதான். சூரியனுக்கு நானூற்று அறுபது கோடி, இன்னும் பாதி ஆயுசு பாக்கி. பெரிய நட்சத்திரம் அள்ளி எரித்துச் சீக்கிரம் தீர்ந்துபோகும், சின்னது சிக்கனமாக இருந்து நெடுநாள் வாழும். தோற்றத்தை நம்பக் கூடாது. இதைச் சொல்லி முடித்த கையோடு முன்வரிசையில் ஒருவர் சுபியைப் பார்த்து, "பாப்பா ஆறாவதுங்களா?" என்றார். சுபி உயரமான பெண், படிப்பது நாலாவது. பக்கத்திலிருந்த, பியூட்டி பார்லர் நடத்தும் அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குத்தானுங்க, மூஞ்சியப் பாத்து நான் யாருக்கும் வயசு சொல்றதே இல்லீங்க. சொன்னா அவங்க திரும்பி வாரதில்லை."

டாக்டரின் கேசு

சுபி எங்களிடம் வந்தபோது தத்தெடுப்புத் தாளில் ஒரு பிறந்த நாள் போட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு டாக்டர் அவள் பற்களைப் பார்த்தார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை வைத்து வயதைச் சொல்வார்களாம். நான் செய்கிற வேலைதான். பிறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, இருக்கிறதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"மூணு வயசுன்னு வெச்சுக்கலாம். ஆறு மாசம், ஒரு வருசம் முன்னப்பின்ன இருக்கலாம்" என்றார். எனக்கு அந்த டாக்டரை உடனே பிடித்துப்போயிற்று. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தவர், கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க கேசு எதுவும் வளந்து வந்து ஏன் இப்படிச் சொன்னீங்கன்னு கேக்கப்போறதில்லீங்க மேடம். என் கேசு கேக்குமுங்க."

கல்லு

டாக்டர் சொன்னது பலித்தது. ஆனால் கேள்வி வந்தது என்னிடம்.

சுபியின் பள்ளியில் பேசப் போயிருந்தேன். ஒரு கூட்டமாகப் பிறந்த நட்சத்திரங்களுக்கு எப்படி வயது சொல்கிறோம் என்று விளக்கினேன். கார்த்திகை தீபத்துக்கு எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறோம். சில விளக்கு திகுதிகுவென்று எரிந்து சீக்கிரம் எண்ணெய் தீர்ந்து அணையும், சிலது நிதானமாக எரியும். எதெது அணைந்திருக்கிறது என்று பார்த்தால், ஏற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான். ஒரு பையன் எழுந்து, "கூடப் பொறந்தது எதுவுமே இல்லாம தனியா இருந்தா மிஸ்?" என்றான். நான் பேச்சு வேகத்தில், "அதுக்குத்தான் வயசு சொல்றது ரொம்பக் கஷ்டம்" என்றேன். சொன்ன பிறகுதான் இரண்டாவது வரிசையில் இருந்த சுபியின் முகத்தைப் பார்த்தேன்.

ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாள், "எனக்கு நெசமாவே அடுத்த மாசம் ஒம்பது ஆகுதா?" டாக்டர் பல் பார்த்தது, எலும்பு பார்த்தது எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், நாங்கள் எதையும் மறைத்ததில்லை. அவளும் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஒருத்தி, "அப்ப உன் பர்த்டே டூப்பு" என்று சொல்லிவிட்டாளாம். "இந்த வருசம் கேக் வேண்டாம்மா, எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். சூரியனும் தனி ஆள்தான் கண்ணு, ஆனால் அதோடு சேர்ந்து உண்டான கல்லெல்லாம் சில சமயம் பூமியில் வந்து விழும், அதை வைத்து வயசு சொல்லிவிட்டோம் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். சிக்னல் விழும்வரை என் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு அந்தக் கல்லுகூட இல்லியேம்மா."

மாவு மில்லு

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நட்சத்திரமா தெரிகிறது? மகள் முகம்தான் தெரிந்தது. அவளைத் தேற்ற இன்னொரு முறை முயன்றேன். சனிக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு, தனியாக இருக்கிற நட்சத்திரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது என்றேன். சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் சின்ன வயதில் வேகமாகச் சுற்றும், வயசாக ஆக மெதுவாகும். சுற்றுகிற வேகத்தைப் பார்த்து வயது சொல்லலாம்.

உடனே எழுந்து ஹாலில் சுற்ற ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. என்னையும் சுற்றச் சொன்னாள். நாலு சுற்றில் சோபாவில் விழுந்தேன். அவள் அப்பா ஒரே சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். மூச்சு வாங்கிக்கொண்டே, "இதாவது கரெக்டா இருக்குமா?" என்றாள். பொய் சொல்ல மனசு வரவில்லை. இதற்கும் முன்னப்பின்ன உண்டு என்றேன். "சூரியனுக்கு?" சூரியனுக்கும் உண்டு, ரொம்பக் கொஞ்சம், ஆனால் உண்டு என்றேன். "எல்லாத்துக்குமேவா?" எல்லாத்துக்குமே என்றேன். அவள் அதை யோசித்துக்கொண்டு நின்றபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ் வீட்டு ராஜாமணி அக்கா. "ஏனுங்க, மேல மாவு மில்லு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? எங்கூட்டு ஃபேனு ஆடுதுங்க."

பத்தாவது மெழுகுவத்தி

பிறந்த நாளுக்கு முந்தின நாள், கேக் வாங்கிக்கலாம் என்று அவளே சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயம். பேக்கரியில் ஒன்பது மெழுகுவத்தி கொடுத்தார்கள். இன்னொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள், டூப்பு என்று சொன்னவளும் வந்திருந்தாள். ராஜாமணி அக்கா முறுக்குத் தட்டோடு வந்து சேர்ந்தார். சுபி ஒன்பதையும் வட்டமாகக் குத்தி ஏற்றினாள். பத்தாவதைச் சற்றுத் தள்ளிக் குத்தினாள். அதை ஏற்றவில்லை. ஹாலில் எல்லோரும் அதையே பார்த்தார்கள். ராஜாமணி அக்காதான் கேட்டார், "ஏன் கண்ணு, ஒண்ணு பத்த வெக்காம உட்டுப்போட்டியே?" சுபி, வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பாடத்தைச் சொல்கிறவள் மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்: "அது முன்னப்பின்னங்க ஆன்ட்டி. சூரியனுக்கே இருக்குது."

கணக்கை எவ்வளவு திருத்தினாலும் முன்னப்பின்ன மட்டும் தீராத தொழில் இது என்பதால், அந்த மெழுகுவத்தியை க்ரீம் துடைத்து அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.