ஏழு நாடு, ஏழு பல்வலி

ஞானஜோதி டீச்சர் ஐரோப்பாவை நூலால் அளந்தவள். அட்லஸை விரித்து, தையல் நூலை ரோட்டின் வளைவு நெளிவெல்லாம் ஒட்டிப் பிடித்து, அப்புறம் அதை நீட்டி ஸ்கேலில் வைத்துப் பார்ப்பாள். கிலோமீட்டர் கிடைத்தால் மட்டும் போதாது. அதை நம்ம ஊர்க் கணக்குக்கு மாற்றினால்தான் அவளுக்குத் திருப்தி. "ஹாம்பர்க்லேருந்து ப்ரெமென், தாம்பரத்துலேருந்து விழுப்புரம். டிபன் சாப்பிட்டுக் கிளம்பினா சாப்பாட்டுக்குப் போயிடலாம்" என்பாள், ஏதோ அங்கே இலை போட்டு வைத்திருப்பதுபோல. ஆல்ப்ஸ் மலையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். நானே ஒரு தரம் எழுப்பிக் கேட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர் வீடு. பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோளம் எடுத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் போன தூர தேசம் பெங்களூர், அதுவும் ஒரே தடவை. உயிர்ச் சிநேகிதி என்று ஒருத்தி உண்டு: அதே பள்ளியில் கணக்கு டீச்சர் தபீதாள்.

விதை போட்டது தபீதாளின் தம்பி தயாளன். ஹாம்பர்க்கில் எஞ்சினீயர். எண்பதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தவன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, நீயும் ஜோதி அக்காவும் ஒரு தரம் வாங்க. முன்னாடி நானும் என் பெண்டாட்டியும், பின்சீட்டுல நீங்க ரெண்டு பேரும். ஏழு நாட்டையும் கார்லயே சுத்திக் காட்டறேன்" என்றான். பிரியாணி வாய்க்கு வருகிற பேச்சுதான். ஜோதி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

எட்டு வருஷம் திட்டம் போட்டாள். ஒவ்வொரு நாட்டுக்கும் கடுதாசி எழுதி இலவச மேப் வரவழைத்தாள். தபால்காரர் ரிடையர் ஆகும்போது பாதி ஐரோப்பா அவர் முதுகில் இருந்தது. இருநூறு பக்க நோட்டில் நாள்வாரியாக எழுதினாள்: எங்கே பெட்ரோல், எங்கே தயிர் கிடைக்கும், எந்த ஊர் மழைக்கு எத்தனை ஸ்வெட்டர். அங்கே வண்டியெல்லாம் வலப்பக்கம் ஓடுமாம், கண் பழக வேண்டுமாம். அதற்காக ஒரு மாதம் தபீதாளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை ரோட்டின் வலப்பக்கமாகவே நடந்தாள்.

பால்காரர் குப்புராஜ் சைக்கிளோடு சாய்ந்து விழப் பார்த்தார். "இன்னாம்மா டீச்சர், ராங் சைடுல வந்துகினு கீறீங்க?"

"பெல்ஜியத்துல இதான் ரைட் சைடு."

"அப்ப பெல்ஜியத்துலயே பால் வாங்கிக்க."

எண்பத்தெட்டாம் வருஷம் தபீதாளுக்குப் பல்வலி வந்தது. ஒரு தரம் இல்லை, ஏழு தரம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லீவு. ஏழு நாளும் அவள் வகுப்பையெல்லாம் ஜோதிதான் பார்த்துக்கொண்டாள். பூகோள டீச்சர் அல்ஜீப்ரா நடத்திய கொடுமையை அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். சாயங்காலம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து டிபன் கேரியரில் வேறு கொடுத்துவிட்டு வருவாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பிரசவம், பரீட்சை, பயணம் எதுவானாலும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் போதகர் வாசித்து ஜெபிப்பார். ஏழாவது பல்வலிக்கு அடுத்த ஞாயிறு அவர் வாசித்தார்: "நமது சபையைச் சேர்ந்த தபீதாள் டீச்சரும் அவர்கள் நாத்தனார் ரத்தினபாய் அம்மாளும் வருகிற பதினெட்டாம் தேதி ஐரோப்பா புறப்படுகிறார்கள். ஏழு நாடுகளில் காரில் செய்யும் பயணம் ஆசீர்வாதமாக அமைய ஜெபிப்போம்."

சீட்டை எழுதிக் கொடுத்தது ரத்தினபாய். தபீதாளுக்கே அது தெரியாது. ஜோதி அவள் பக்கத்தில், அதே பெஞ்சில், ஒரே பாட்டுப் புத்தகத்தின் மறுபாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை மெதுவாக மூடி தபீதாளின் மடியில் வைத்தாள்.

கோயில் வாசலில் தபீதாள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "ஜோதி, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப, பிளேன்லேருந்தா?"

"என் பொண்ணை அவங்க பையனுக்குத்தானே பேசியிருக்கு. அவங்களே வாய் விட்டுக் கேக்கறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது? நீன்னா புரிஞ்சுப்பேன்னு..."

"பல்லு எப்படி இருக்கு?"

தபீதாள் கையை விட்டுவிட்டாள். ஏழு பல்வலியும் ஏழு நாட்டு விசா என்று அப்போதுதான் எனக்கும் விளங்கிற்று.

புதன்கிழமை சாயங்காலம் தபீதாள் எதிர் வீட்டுக்கு, ஜோதியிடம் வந்தாள். வெட்கத்தைவிட்டுக் கேட்டாள். "அந்த நோட்டை மட்டும் குடேன். தயாளனுக்கு ஒண்ணும் தெரியாது, வழியெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

"கரையான் அரிச்சுடுச்சு" என்றாள் ஜோதி. நோட்டு மேஜைமேல் அவள் முழங்கைக்கடியில் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். தபீதாள் எழுந்து போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் ஒருவர் வெளிநாடு போனால் தெருவே வேன் பிடித்து மீனம்பாக்கம் போகும். போகாதவரைப் பொறாமைக்காரர் என்று அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேசுவார்கள். ஜோதியும் பட்டுப் புடவை கட்டி வந்து வேனில் உட்கார்ந்தாள். விமான நிலைய வாசலில் மாலை, போட்டோ எல்லாம் ஆனது. விஷயம் தெரியாத போதகர், "நெருங்கின சிநேகிதி நீங்கதானேம்மா. ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்க" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினோம்.

"அன்பின் பரலோகப் பிதாவே, முதல் நாள் இவர்கள் ஹாம்பர்க்கிலிருந்து ப்ரெமென் போகிறார்கள். விழுப்புரம் தூரம்தான். அங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ள தயாளனுக்கு நினைப்பூட்டும். இரண்டாம் நாள் ஆம்ஸ்டர்டாம். மூன்றாம் நாள் பிரஸ்ஸல்ஸ், வழியில் மழை பெய்யும் ஆண்டவரே, ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தால் மேலே எடுத்து வைக்கச் செய்யும்..."

பாரிஸில் மூன்று நாள் ஆயிற்று. ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரம் வந்தது. ஜெபத்தை நடுவில் நிறுத்த யாருக்குத் தைரியம் உண்டு? ஒலிபெருக்கி பம்பாய் விமானத்துக்கு இரண்டு தரம் கூப்பிட்டது. ரத்தினபாய் "ஆமென், ஆமென்" என்று முடித்துவைக்கப் பார்த்தாள். "கோத்தார்டு சுரங்கம், பிதாவே, பதினேழு கிலோமீட்டர், மறைமலை நகர் தூரம், உள்ளே நுழையுமுன் விளக்கைப் போடச் செய்யும்" என்று ஜோதி நிதானமாக உள்ளே போனாள்.

நான் பாவி, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தபீதாளும் திறந்திருந்தாள். டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டி மிலானை அழித்தது.

"கடைசி நாள் மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க். நீளமான ரோடு. பின்சீட்டில் இருப்பவர்கள் தூங்கலாம். ஆமென்."

எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தபீதாள் மட்டும் நின்றாள். "பத்திரமா திரும்பி வரணும்னு கேக்கலியே, ஜோதி?"

"அதை உன் சம்பந்தியம்மா கேப்பாங்க."

சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தாள். டாட்டா காட்ட நாங்கள் எத்தனை கூப்பிட்டும் இறங்கவில்லை.