மகளுக்காக நான் படித்த இரண்டாம் ஆண்டு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நோய்த்தொற்றுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடம், ஜெலாப்பாங்கில் என் வீட்டு ஹாலில், ஐம்பதை நெருங்கும் வயதில் நான் மறுபடியும் தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டு படித்தேன். மகளுக்கு இணைய வகுப்பு. கேமராவில் படாமல் மேசைக்கடியில் உட்கார்ந்து அவளுக்கு விடை சொல்லிக்கொடுப்பது என் வேலை. நன்றாகவே படித்தேன்.

பள்ளி திறக்கப்போகிறது என்றதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாக 'அனுப்ப மாட்டேன்' என்று எழுதினேன். பழைய கொள்ளைநோய் வரலாறெல்லாம் சேர்த்து, நீளமாக. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி அது. மகள் வகுப்பில் ஒன்பதே பேர். நான் எழுதியதைப் படித்துவிட்டு நான்கு குடும்பங்கள் பின்வாங்கின. ஆனால் பயம் பொய்யில்லை. மகளுக்கு இளைப்பு உண்டு.

மறுநாள் வகுப்பு தொடங்குமுன் ஆசிரியை அவளிடம் சும்மா கேட்டார்: "காலையில என்னம்மா பசியாறுனே?"

மகள் குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் விரலில் ரொட்டி சானாய் குழம்பு வாசம்கூடப் போகவில்லை. தான் தின்றது என்னவென்று நான் சொல்லக் காத்திருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்து வெளிய போங்க லா," என்றார் ஆசிரியை. "நீங்க அங்க இருக்கீங்கன்னு வகுப்புக்கே தெரியும்."

போனேன். இளைப்புக்காவது மருந்து இருக்கிறது.

அன்றே மனைவியும் நானும் டாக்டரைப் பார்த்தோம். இளைப்புக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பை அவள் பையில் வைத்து அனுப்பலாம் என்றார். சனிக்கிழமை பள்ளியில் கோத்தோங் ரோயோங். பெற்றோர் கூடித் துப்புரவு செய்தோம். நான் மேசைகளுக்கு நடுவே அளவுநாடா பிடித்தேன்.

"அளந்தது போதும், தொடைங்க," என்றாள் மனைவி.

துடைத்து முடித்துக் குழுவில் எழுதினேன்: 'முன்பு எழுதியது என் பயம். திங்கட்கிழமை மகள் வருகிறாள்.'

திங்கட்கிழமை முகக்கவசமும் தொப்பியுமாக, பள்ளி விடும்வரை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.

இன்றைக்கும் யாராவது அவளை ஏதாவது கேட்டால் விடை என் நாக்கு நுனி வரை வந்துவிடும். அவளே சொல்லட்டும் என்று விழுங்கிக்கொள்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளி விட்டதும், பேசிப் பேசிக் குரல் கம்மிப்போய்க் காரில் ஏறியவள் சொன்னாள்: "வெளிய நிக்கிறது யாருன்னு கூட்டாளிங்க கேட்டாங்கப்பா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."